டாலமாத் தீவுக்குப் பெயர் வந்த கதை

பறவைகளும் மிருகங்களும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தென்கடலில் ஒரு தீவு இருந்தது. அங்கே அலரி என்ற பெண் தன் ஐந்து வயது மகளோடு வாழ்ந்துவந்தாள். கணவனைக் கடல் கொண்டுபோயிருந்தது. மகளின் பெயர் தாழை. அலரி அவளைத் தாழம்மா என்றுதான் கூப்பிடுவாள். அலரியின் அண்ணன் புன்னையன் ஊருக்குத் தலைவன்.

ஒரு நாள் காலையில் ஆலாப் பறவை ஒன்று வடக்கிலிருந்து வந்து புன்னையனின் கூரைமேல் விழுந்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"பெரிய கப்பல் ஒன்று வருகிறது. வெளுத்த முகக்காரர்கள். பக்கத்துத் தீவில் மூன்று நாள் இருந்தார்கள். போகும்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்," என்றது.

"எத்தனை பிள்ளைகளை?" என்று கேட்டான் புன்னையன்.

"இப்போது அங்கே பிள்ளைகளே இல்லை," என்றது ஆலா.

புன்னையன் ஊரைக் கூட்டினான். குன்றின்மேல் இருக்கும் குகைக்குள் எல்லோரும் ஒளிந்துகொள்வது, ஆளில்லாத தீவு என்று எண்ணி அவர்கள் போகும்வரை யாரும் வாய் திறக்காமல் இருப்பது என்று முடிவாயிற்று. நாய்களும் பன்றிகளும் கோழிகளும்கூட ஒப்புக்கொண்டன. அடுப்புகளை அணைத்து, ஓடங்களைப் புதருக்குள் இழுத்துவிட்டு, ஊரே மேலே ஓடியது.

குகைக்குள் வந்த பிறகுதான், "தாழை எங்கே அண்ணே?" என்று கேட்டாள் அலரி.

"உன்னோடு வரவில்லையா?"

"உன் கையைப் பிடித்துக்கொண்டுதானே நின்றாள்."

அலரி குகை வாசலுக்கு ஓடினாள். கீழே கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. படகில் வந்து இறங்கிய பத்துப் பன்னிரண்டு பேர் மணலில் நின்றார்கள். கரையோரப் புதர்களுக்குள் தாழை அம்மாவைத் தேடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். புதர் முடிய இன்னும் இருபது அடிதான். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவர்களைப் பார்க்கவில்லை.

புன்னையன் தங்கையின் வாயைப் பொத்தினான். "கத்தாதே. கத்தினால் எல்லாப் பிள்ளைகளும் போய்விடும்," என்று அவள் காதில் சொன்னான்.

குகைக்குள் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். அலரிக்கு அது தெரியும். ஆனால் மகளின் தலை புதருக்குமேல் தெரிந்து தெரிந்து மறைவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அண்ணனின் கையைக் கடித்தாள்.

"தாழம்மா... போகாதே. படுத்துக்கொள் தாழம்மா..."

அந்தப் பெயர் குன்றில் பட்டு மூன்று முறை எதிரொலித்தது. புதரில் தலை மறைந்தது. மணலில் நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவர்கள் மேலே ஏறினால் குகை இருந்தது. கரையில் தேடினால் மகள் இருந்தாள். அதனால் அலரி தானே இறங்கிப் போனாள். மகள் கிடந்த புதரை ஒட்டித்தான் பாதை போனது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தாடி வைத்த தலைவன் ஒருவன் முன்னால் வந்தான். அவன் இடுப்பில் வாள் தொங்கியது. அவளைப் பார்த்து, "டாலமா?" என்றான்.

மகளைத்தான் கேட்கிறான் என்று அலரி நினைத்தாள். அவன் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி அவள்முன் நீட்டினான். "டாலமா?" என்று மறுபடியும் கேட்டான். பக்கத்தில் ஒருவன் காகிதத்தையும் இறகையும் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தான் கூப்பிட்ட பெயரை இந்த மண்ணின் பெயர் என்று நினைக்கிறார்கள். இல்லை என்று தலையாட்டினால், பிறகு யார் அது என்று தேடுவார்கள்.

அலரி குனிந்து தரையைத் தட்டினாள். "ஆமாம். இந்த மண்தான் தாழம்மா. வேறு யாரும் இல்லை," என்று கையை விரித்தாள்.

இறகு வைத்திருந்தவன் எழுதிக்கொண்டான்.

உச்சிவேளை வரை அவர்கள் ஓடையில் பீப்பாய்களை நிரப்பினார்கள். ஒருவன் புதரருகே போய் நின்று சிறுநீர் கழித்தான். அலரி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வந்து படகில் ஏறினான்.

கப்பல் மறைந்த பிறகு, பாய்மரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த ஆலா பறந்து வந்தது. "பெயரை எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்னும் ஐந்து கப்பல்களோடு திரும்பி வருவார்களாம்," என்றது. அதற்குப் பிறகு அது பேசவில்லை. கப்பல் எப்போது வருமோ என்ற பயத்தில் நாய்களும் பன்றிகளும் கோழிகளும்கூடப் பேச்சை விட்டுவிட்டன.

கடிபட்ட கையில் துணி சுற்றியிருந்த புன்னையன், புதரிலிருந்து வந்து அலரியின் மடியில் ஒட்டிக்கொண்ட தாழையைப் பார்த்தான். "வருகிறவன் இது டாலமாதானா என்று கேட்பான். மண்ணுக்கு வேறு பெயர் காதில் விழுந்தால், தாழம்மா யார் என்று தேடுவான். இனி நம் மண்ணின் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. இவளையும் அந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது," என்றான்.

"என் பிள்ளையை நான் எப்படிக் கூப்பிடுவேன் அண்ணே?"

"வேறு பெயர் வை."

அலரி வைக்கவில்லை. கையைத் தட்டிக் கூப்பிட்டாள். தங்கள் பிள்ளைகளின் பெயரும் அந்நியர் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றத் தாய்மாரும் அப்படியே செய்தார்கள்.

சொன்னதுபோலவே கப்பல்கள் வந்தன. கரையில் அந்நியர்கள் டாலமா, டாலமா என்று பேசும்போதெல்லாம், மறைவில் ஒளிந்திருக்கும் அலரியின் மகள் திரும்பிப் பார்ப்பாள். அலரி அவள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பழைய பெயர் தெரிந்தவர்கள் அதைச் சொல்லாமலே ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். அந்தத் தீவு டாலமா ஆனதும், அங்குள்ள தாய்மார் வெளியில் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்காமல் கையை மட்டும் தட்டுவதும் அன்று முதல்தான்.