ராடிமின் வலது கை

ராடிம் செக் நாட்டின் கால்பந்துத் தடுப்பாட்டக்காரன். காலைவிட அவனுடைய கைக்குத்தான் பெயர் அதிகம். எதிரணிக்காரன் முந்தி நின்றால் போதும், ராடிமின் வலது கை சட்டென்று மேலே போகும். ஆஃப்சைடு, அவன் விதியை மீறி முந்தி நிற்கிறான், ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று அர்த்தம். தடுப்பு வரிசையே அந்தக் கையைப் பார்த்து நின்றுவிடும். துணை நடுவர்கூட அதற்கப்புறம்தான் கொடியைத் தூக்குகிறார் என்று கேலி பேசுவார்கள்.

முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் அவன் ஆட்டத்தை விட்டான். அந்த நாட்டின் மொராவியா பகுதியில் ஒரு சின்ன ஊர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனான்.

அங்கே ஒன்றும் சரிப்படவில்லை. அவனுடைய தடுப்பு வரிசையில் லிபோர் என்று ஒருவன். நன்றாகத்தான் ஓடுவான். ஆனால் முக்கியமான நேரத்தில் பாதியிலேயே நின்றுவிடுவான், பந்து வலைக்குள் போய்விடும். ஏன் நின்றாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான்.

தனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த ஹெட்விகா அம்மையாரைத் தேடிப் போனான் ராடிம்.

“லிபோரை அணியை விட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன், கோச். ஆனா மனசு கேக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிடுவேன்.”

“ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கா?”

“இருக்கு.”

“வரேன்.”

வந்தார். மைதானத்தைப் பார்த்ததைவிட ராடிமைத்தான் அதிகம் பார்த்தார். முதல் பாதியில் லிபோர் மறுபடியும் நின்றான், கோல் விழுந்தது. இடைவேளையில் ராடிம் பொறுமை இழந்து, அவனுக்குப் பதில் வேறு ஆளை இறக்கப் போவதாகச் சொன்னான்.

“அவன் ஆடட்டும். நீ இதைக் கொஞ்சம் பிடி.”

விளிம்புவரை சூடான தேநீர் நிரம்பிய இரண்டு காகிதக் கோப்பைகளை அவன் கைகளில் கொடுத்துவிட்டு ஹெட்விகா போய் உட்கார்ந்துகொண்டார். அவன் எதற்கென்று கேட்கவில்லை. அவர் சொன்னால் செய்துதான் பழக்கம்.

ஆட்டம் மறுபடி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணி வீரன் ஒருவன் தடுப்பு வரிசையைத் தாண்டிப் பாய்ந்தான். ராடிமின் வலது கை விருட்டென்று எழுந்தது. தேநீர் மணிக்கட்டில் கொட்ட, கை பாதியிலேயே தங்கிவிட்டது.

அதே நொடியில் லிபோர் ஓட்டத்தினிடையே திரும்பிப் பார்ப்பதை ராடிம் கண்டான். லிபோரின் கண்கள் ராடிமின் தலைக்கு மேலே எதையோ தேடின. அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆகவே லிபோர் ஓடினான், எட்டிப் பிடித்தான், பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளினான். துணை நடுவரின் கொடி எழவே இல்லை.

அந்த ஆட்டத்தில் தோல்விதான். எல்லோரும் போனபின் ராடிம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். பாவம், அவனுக்கு அழுகை வந்தது. ஹெட்விகா பக்கத்தில் உட்கார்ந்து, சிவந்திருந்த மணிக்கட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்.

“அவன் என் கையைப் பாத்துத்தான் இத்தனை நாளும் நின்னிருக்கான், கோச். நான் தூக்கினதே எனக்குத் தெரியல. அவனைப் போய் அனுப்பப் பாத்தேனே. நாளைக்கே மன்னிப்புக் கேக்கணும்.”

“கேளு.”

“இந்தக் கையை வெட்டித்தான் போடணும்.”

“அதை ஏன் திட்டுற? அது நல்ல கை,” என்றார் ஹெட்விகா. “ஆட்டத்தை விட்டுட்டேன்னு ஊருக்கெல்லாம் சொன்ன. அதுகிட்ட மட்டும் சொல்லாம விட்டுட்ட.”