மார்கழிச் சூரியன் மறைந்த திசை

“ஷைகே, எங்கள் பள்ளிவாசல் கிப்லாவை நோக்கி நிற்கவில்லை” என்றார் நூஹு லெப்பை.

அவர் ஒரு கடற்கரைச் சிற்றூரின் இமாம், வயது அறுபது. ஷைகு இல்யாஸ் அவரினும் பத்து வயது இளையவர். ஆயினும், லெப்பைக்கு அவரே ஆசான்.

உட்காருமாறு ஷைகு கைகாட்டினார். லெப்பை உட்காரவில்லை.

எப்படித் தெரிந்தது என்று ஷைகு கேட்டார்.

லெப்பை நின்றபடியே சொன்னார். மக்ரிபு தொழுகைக்காக நாள்தோறும் சூரியன் மறைவதைப் பார்த்து நிற்பவர் அவர். மார்கழியில் மட்டுமே அது, இமாம் நிற்கும் மாடத்திற்கு நேரே மறைந்தது. பங்குனியில் வலப்புறம் வெகுவாக விலகிற்று. முன்னோர் ஏதோ ஒரு மார்கழியில் அடிக்கல் நாட்டியிருக்கின்றனர். அன்று கதிர் மறைந்த இடமே மேற்கு என்றும், தொழும்போது முகம் நோக்க வேண்டிய கிப்லா அந்த மேற்கே என்றும் கொண்டுவிட்டனர். மக்காவின் கஅபாவோ மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்த திசையில் இருந்தது. மாலுமி ஒருவரின் திசைகாட்டியும் அதையே உறுதிசெய்தது.

“மையத்துகளையும் அந்தத் திசைக்கே முகம் திருப்பி அடக்கினோம். என் வாப்பாவும் அப்படியே கிடக்கிறார்.”

மறுமையில் முதற்கேள்வி தொழுகையைப் பற்றியதே என்னும் நினைப்பு வந்தால் சோறு இறங்குவதில்லை என்றார். தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்கு உயர்த்தும் கைகள் காதருகே நடுங்குகின்றன என்றார்.

“ஊரார் அறிவார்களா?”

“சொன்னால், ‘லெப்பை இப்போது சூரியனுக்கே வழி சொல்கிறார்’ என்று சிரிப்பார்கள். சிரித்து ஓய்ந்தபின் என்னை வெளியே அனுப்புவார்கள்.”

லெப்பை ஓரடி நெருங்கி வந்தார்.

“வாப்பாவின் தொழுகை ஏற்கப்பட்டிருக்குமா, ஷைகே?”

“திசை தவறு என்பது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அல்லாஹ்வின்மீது ஆணையாக, அவருக்குத் தெரியாது.”

“திசைகாட்டியை நீங்கள் பார்த்தது எப்போது?”

“பங்குனியில்.”

இப்போதோ ஆடி பிறந்திருந்தது.

“அதன்பின் அங்கே முன்னின்று தொழுவித்தவர் யார்?”

இத்தனை நாள் வாப்பாவுக்காக நடுங்கிய கைகளை லெப்பை குனிந்து பார்த்தார்.

“நாளை வெள்ளிக்கிழமை, லெப்பை” என்றார் ஷைகு. “ஊரே உங்கள் பின்னால் நிற்கும்.”