சடையாண்டியின் மீன் தொழுவம்

கட்டைப்புளியூர்க்காரர்களுக்கு மூளை ஏராளம். யாரும் எடுத்துச் செலவழித்ததில்லை, அவ்வளவுதான். அந்த ஊரில் மாடு மேய்க்கிற சடையாண்டியின் மகள் செவந்திக்கு ஒருவழியாக வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா குழந்தைவேலு மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்ல கை நனைக்க வர்றோம். மடவை மீன் குழம்பு இருந்தாத்தான் சம்பந்தம். இல்லாட்டி இலையில உட்கார மாட்டோம்."

சடையாண்டிக்குத் தெரிந்ததெல்லாம் மாடுதான். மீனை அவர் குழம்பில் பார்த்ததோடு சரி. மைத்துனன் வீரபுத்திரனையும் பங்காளி தொந்தியப்பனையும் கூட்டிக்கொண்டு, ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்கு ஓடினார்.

அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த அந்தோணியம்மா இரக்கப்பட்டு ஒரு வலையைக் கொடுத்தாள்.

"கடல்தண்ணி ஏறும்போது சின்ன மடவையெல்லாம் இந்தச் சேத்துமேல மேய வந்துரும். ஆழம் இல்லாததால பெரிய மீனு தொரத்தி வராது. தண்ணி வத்தும்போது வயிறு முட்ட மேஞ்சுட்டு இந்த ஓடை வழியாத்தான் திரும்பும். ஏறுன தண்ணி நின்னதும் ஓடைக்குக் குறுக்க வலையைக் கட்டிட்டுச் சும்மா நில்லுங்க."

'மேய' என்று கேட்டதும் சடையாண்டிக்குப் போன உயிர் திரும்பியது. மேய்ச்சல் அவர் தொழிலாயிற்றே!

"சேத்துல என்னத்த மச்சான் மேயும்?" என்றான் வீரபுத்திரன்.

தொந்தியப்பன் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றான். "உப்பு தூக்கல். மத்தபடி நல்ல தீவனம்ணே."

தண்ணீர் ஏறியது. விரல்நீள மடவைகள் கூட்டங்கூட்டமாக வந்து சேற்றைக் கொறித்தன. மூவரும் கோல் ஊன்றிக் காவல் நின்றார்கள். ஒரு கொக்கை மரியாதையாக விரட்டினார்கள். பிறகு சொன்னபடியே வலையைக் கட்டினார்கள். கட்டிய கையோடு வீரபுத்திரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மச்சான், மேயப் போனது திரும்புற நேரத்துல தொழுவத்தை அடைச்சு வெச்சா எப்படி உள்ள நுழையும்?"

நாற்பது வருஷத்தில் சடையாண்டி அந்தத் தப்பை ஒருநாளும் செய்ததில்லை. "அவுத்து விடுடா நடுவுல!" என்று பதறினார்.

தண்ணீர் வற்றியது. மடவைகள் வலை நடுவே திறந்துவிட்ட அந்த வாசலில் நுழைந்து கடலுக்குப் போயின. "ஒண்ணை ஒண்ணு முட்டுதா பாரு" என்று சடையாண்டி பூரித்தார். கடைசி மீனும் போனபிறகு, ஒன்றும் தப்பி வந்துவிடாதபடி வலையை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அண்ணே, தொழுவத்துக்குப் பின்பக்கச் சுவர்?"

"கடலுக்கு அக்கரையில இருக்கும்டா."

"அம்மாடி, எவ்வளவு பெரிய தொழுவம்!"

மறுநாள் குழந்தைவேலு குடும்பத்தோடு வந்திறங்கினார். இலை விரித்திருந்தது, குழம்பு இல்லை. செவந்தி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"மீன் எங்க?"

"நேத்துப் பூரா மேய்ச்சு, தொழுவத்துல பத்திரமா அடைச்சிருக்கேன் சம்பந்தி."

"மேய்ச்சலுக்குப் போற மீனா?"

"வயிறு முட்ட மேயும்."

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி வளர்த்த ஜீவனையா அறுக்கச் சொன்னேன்? வேண்டாம். கறந்து உறை ஊத்துங்க. மோர்க்குழம்புலயே கை நனைச்சுக்குறோம்."

முகத்துவாரத்துக்குப் போய் வலையின் வாசலைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஏறிய நேரம், இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு சொம்போடு சேற்றில் குனிந்து நின்றன. வலையைத் தேடி வந்த அந்தோணியம்மா, "என்னய்யா பண்றீங்க?" என்று கத்தினாள்.

சடையாண்டி உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாம்மா. மிரண்டா பாலை அடக்கிக்கும்."