ஆள்காட்டி கத்தாத காலை

தேன்கரடு என்ற குன்றில் மலைத்தேனீக்கள் கூடு கட்டி வாழ்ந்தன. குன்றின் அடிவாரம் முழுக்கச் சரளை நிலம். அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்து வந்தது. அதன் முட்டை பார்க்கச் சரளைக் கல்லைப் போலவே இருக்கும். பருந்துக்கும் தெரியாது, பாம்புக்கும் தெரியாது. சற்றுத் தள்ளி ஒரு குளம். குன்றில் பெய்த மழை ஓடையாக இறங்கி அந்தக் குளத்தை நிரப்பியது.

ஆள் வருவதைக் கண்டால் ஆள்காட்டி கத்தும். கத்தல் கேட்டதும் தேனீக்கள் திரண்டு இறங்கும். குன்றை உடைக்க வந்தவர்கள் பலமுறை முகம் வீங்கி ஓடியிருக்கிறார்கள். குன்றுக்கு வேறு காவல் இல்லை.

ஓடியவர்கள் சும்மா போகவில்லை. சாலையோரம் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். தினமும் கோழிக் குழம்பு. எலும்பெல்லாம் நரிக்கு! நரி தின்றது, கொழுத்தது. 'இவங்க இங்கேயே தங்கிட்டா நமக்கு நித்தம் விருந்துதான்' என்று கணக்குப் போட்டது. நேராகக் குளத்துக்குப் போனது.

"ஆமை அண்ணே! தவளைத் தம்பி! அந்த ஆளுங்களுக்கு வேண்டியது கல்லு மட்டும்தான். குன்றை உடைச்சு எடுத்துக்கிட்டுப் போகட்டுமே!"

"குளத்தைத் தொடுவாங்களா?" என்று கேட்டது ஆமை.

"சேச்சே! குளத்துல என்ன கல்லா இருக்கு?"

"அப்ப நமக்கென்ன? நாம என்ன கல்லைத் தின்னா உயிர் வாழறோம்?" என்றது ஆமை. தவளை விழுந்து விழுந்து சிரித்தது.

அற்பப் பிறவிகள்! தாங்கள் கிடக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது.

மூன்றும் சேர்ந்து ஆள்காட்டியிடம் வந்தன.

"அக்கா! உன் முட்டையை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா நீ கத்துற பாரு, அதுதான் உன்னைக் காட்டிக் கொடுக்குது!" என்றது நரி. "இங்க ஏதோ இருக்குன்னு ஆளுங்க தேட மாட்டாங்களா? பேசாம இரு. கல்லோட கல்லாக் கிடக்கிற முட்டையை எவன் தொடப்போறான்?"

"கத்துறதுதானே என் வேலை?" என்றது ஆள்காட்டி.

"வேலையாம் வேலை! முதல்ல உன் பிள்ளைங்களைப் பாரு!" என்றது ஆமை.

"நீ கத்திக் கத்தி எங்க தூக்கம் கெடுது!" என்றது தவளை. இரவெல்லாம் கத்துகிற தவளை சொன்னது இது!

முட்டைக்குள் குஞ்சுகள் அசையத் தொடங்கியிருந்தன. அந்தப் பாசம் ஆள்காட்டியின் அறிவை மறைத்தது. சரி என்று தலையாட்டிவிட்டது.

மறுநாள் காலை ஆட்கள் வந்தார்கள். ஆள்காட்டி மூச்சு விடவில்லை. தேனீக்களும் கூட்டைவிட்டு அசையவில்லை. வந்தவர்கள் பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். தேனீக்களில் பாதி செத்தன, மீதி ஊரைவிட்டே பறந்தன. பின்னாலேயே பொக்லைன் வந்தது. லாரிப் பாதை போடுவதற்காக முதலில் அடிவாரத்துச் சரளையைத்தான் அள்ளியது.

அப்போது கத்தியது ஆள்காட்டி. தொண்டை கிழியக் கத்தியது. பொக்லைன் கண்ணாடியில் மோதி மோதிக் கத்தியது. கேட்க ஒரு தேனீகூட இல்லை. பருந்தை ஏமாற்றிய முட்டை பொக்லைனுக்கும் கல்லாகத்தான் தெரிந்தது. சரளையோடு சரளையாக அள்ளி லாரியில் கொட்டிவிட்டது.

"முட்டை போச்சா? ஐயோ பாவம்!" என்றது ஆமை. "நல்லவேளை, குளம் இருக்கு."

எத்தனை காலத்துக்கு? வேட்டு மேல் வேட்டு வைத்தார்கள். ஓடையைக் கல்தூள் அடைத்தது. குன்று இருந்த இடத்தில் குளத்தைவிட ஆழமான குழி விழுந்தது. ஊற்றெல்லாம் அந்தப் பக்கம் வடிந்தது. குளம் வறண்டு வெடித்தது. 'தண்ணீர் இல்லாத குளம் எதற்கு?' என்று அதே ஆட்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனை பிரித்து விற்றார்கள். தண்ணீரைக் கொன்றவர்கள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! வாசலில் 'குளக்கரை நகர்' என்று பலகை வேறு. வெட்கங்கெட்டவர்கள்! மழை வரும் என்று சேற்றுக்குள் புதைந்து காத்திருந்த ஆமையும் தவளையும் அந்த வீடுகளுக்கு அடியில்தான் கிடக்கின்றன.

நரிக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? வீடுகள் வந்தன, கூடவே நாய்கள் வந்தன. எலும்பு நாய்க்குப் போனது. நரியின் வளைமேல் தண்ணீர்த் தொட்டி எழுந்தது. காது கிழிந்து, கால் நொண்டி ஓடிய நரி, குழியின் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்த ஆள்காட்டியைக் கண்டது.

"அக்கா! நாய்ங்க என்னைக் குதறிடுச்சு. நன்றிகெட்ட மனுசங்க! ஒதுங்க ஒரு இடம் இருந்தா சொல்லேன்!"

ஆள்காட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உன்னைக் கடிச்ச நாய் உன்னைவிட எவ்வளவோ மேல்! அது குரைச்சுட்டுக் கடிச்சுது. நீ அக்கான்னு கூப்பிட்டுக் கடிச்ச! இடமா கேட்கிற? இருந்த இடத்தை எலும்புக்கு வித்தவனுக்கு இடம் ஒரு கேடா? போ அந்தப் பக்கம்!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தது. ஆள்காட்டியின் கோபம் அடங்கவில்லை. இப்போது அது தன்மேலேயே திரும்பியது.

"அவன் விக்கத்தான் செய்வான், அவன் நரி. நான் ஏன் வாயை மூடினேன்? குஞ்சுங்க பிழைக்கணும்னு மூடினேன். அன்னிக்குக் கத்தியிருந்தா என் குஞ்சுங்க இப்பப் பறந்துக்கிட்டிருக்கும்!"

பக்கத்து மண்ணை வெட்டும்போது வாயை மூடிக்கொண்டால், நம் காலடி மண்ணை வெட்டும்போது நாம் கத்துவதைக் கேட்க ஒருவரும் மிஞ்சமாட்டார்.