வரிசையில் நின்ற கால்

நம்புகிறவர்கள் நம்புங்கள். சென்னியப்பனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். நெடுநேரம் நின்றால் உரசிப் புண்ணாகிவிடும். ஆனால் அவர் பெண்டாட்டி தெய்வாத்தாளோ, பொழுதுபோக்குப் பூங்காவின் ராட்சத ராட்டினத்தில் அவரோடுதான் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது.

"ஏனுங்க சார், முறை வர்ற வரைக்கும் அந்த நிழல் பெஞ்சுல உட்கார்ந்துக்கட்டுங்களா?"

மேனேஜர் ஜெயசீலன் மீசையைத் தடவினார். "அதான் கால் மாட்டியிருக்கீங்களே, அது நிக்கும்ல? வரிசையில நின்னாத்தான் இடம்."

"ஓ, அது நின்னாப் போதுங்களா?"

சென்னியப்பன் அங்கேயே செயற்கைக் காலின் வாரை அவிழ்த்தார். ரேஷன் கடையில் பையை வைத்து இடம் பிடிப்பதுபோல, ஷூ போட்ட காலை வரிசையில் நிறுத்தினார். ஊன்றுகோலோடு பெஞ்சுக்குப் போய், தெய்வாத்தாளோடு உட்கார்ந்து கடலை கொறித்தார்.

வரிசை நகர நகர, பின்னால் நின்ற ஒரு அம்மா காலை அலுங்காமல் நகர்த்தி வைத்தார். மேனேஜர் அதைத் தூக்கப் பாய்ந்தார்.

"வரிசையில நிக்கிறவரை எதுக்குய்யா இழுக்கறீங்க?" என்று கூட்டமே சண்டைக்கு வந்தது.

கால் வாசலை எட்டியது. "அண்ணன் ஏறாம நாங்க ஏறமாட்டோம்!" என்றார்கள் எல்லாரும். ராட்டினம் சும்மா நின்றது.

வேறு வழியில்லாமல் மேனேஜரே காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெயிலில் ஓடினார்.

"சார், உங்க முறை வந்துடுச்சு சார்!"

சென்னியப்பன் நகர்ந்து இடம் விட்டார்.

"பாவம், நின்னு நின்னு களைச்சிருக்கும். மொதல்ல அதை இப்படி உட்கார வைங்க."