புஸ்தகம் வந்துடுச்சுங்களா?

எங்க குருவுக்குக் காவி கிடையாது, தாடி கிடையாது. அரைக்கைச் சட்டை, பாக்கெட்டுல ரெண்டு பேனா. பேராசிரியர் செல்வநாயகம்னு சொன்னா, பொது சுகாதார ஆராய்ச்சி பண்றவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் எழுந்து நிப்பான். நான் அந்த நிறுவனத்துல ஜீப் ஓட்டுறவன். பின் சீட்டுல ரெண்டு பேர் பேசினா என் காதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

எலும்பைக் கெடுக்குற ஃபுளோரைடு தண்ணியைப் பத்தி அவர் ஒரு கட்டுரை எழுதினாரு. அது வந்து பத்தொன்பது வருசமாச்சு. இதுவரைக்கும் ரெண்டாயிரத்து முந்நூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்காங்களாம். அந்த எண்ணிக்கையை ஆபீஸ் வாசல்ல சட்டம் போட்டே மாட்டியிருக்காங்க. வருசா வருசம் புது நம்பர் ஒட்டுவாங்க, கூடவே லட்டும் கொடுப்பாங்க.

அவர்கிட்ட ஆராய்ச்சி பண்றவங்க டாக்டர் வசுமதி. நாப்பது வயசு. கட்டுரை பத்தாதுன்னு பதவி உயர்வு ரெண்டு தடவை கைநழுவிப் போச்சு. அன்னிக்குக் காலையில ஒரு ஃபைலோட வந்து ஜீப்புல ஏறினாங்க.

"சார், நான் பாக்குற ஊர்ல நாலு கைப்பம்புல ஃபுளோரைடு அளவுக்கு மேல இருக்கு. ஊருக்கு இன்னும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஜனங்க வேற பம்புக்குப் போயிடுவாங்க. அடுத்த வருசம் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு ஒப்பிட முடியாது. ஒரு வருசம் பொறுத்தா பெரிய கட்டுரை சார், உங்களுது மாதிரி. பொறுக்கலாமா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா! வாயை மூடிக்கிட்டு கியரை மாத்தினேன்.

சார் என் தோளைத் தட்டினாரு. "துரைக்கண்ணு, வேலமரத்துக்கொட்டாய்க்கு விடு"ன்னாரு.

டாக்டரம்மா நிமிந்து உக்காந்தாங்க. சாரோட கட்டுரை முழுக்க அந்த ஊருதான். ஆனா பதினாறு வருசமா வண்டி ஓட்டுறேன், ஒரு நாள்கூட அவரை நான் அங்க கூட்டிட்டுப் போனதில்ல.

போய்ச் சேர மத்தியானமாச்சு. ஊர் நடுவுல ஒரு கைப்பம்பு, குடத்தோட நாலஞ்சு பொம்பளைங்க. "குழாய்த் தண்ணி வரலையா?"ன்னு கேட்டேன். "குழாய் இருக்கு, தண்ணிதான் மேட்டுக்கு ஏற மாட்டேங்குது"ன்னாங்க.

மாதையன் வீடு பம்புக்கு எதிர்ல. கட்டுரையில வந்த எக்ஸ்ரே அவரோடது. அப்ப அவருக்கு முப்பத்தஞ்சு வயசாம். இப்ப முதுகு கூனிப் போய், கழுத்து திரும்பல. சாரைப் பாக்க உடம்பையே மொத்தமாத் திருப்பினாரு. பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க டாக்டரய்யா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? அடியே முனியம்மா, தண்ணி கொண்டா."

மக சொம்போட வந்தா. அவளும் சிரிச்சா. பல்லு பூரா பழுப்புக் கோடு.

"சார், அது அந்தப் பம்புத் தண்ணி," டாக்டரம்மா மெதுவாச் சொன்னாங்க.

சார் சொம்பை வாங்கி அண்ணாந்து முழுசையும் குடிச்சாரு.

"ஏங்க டாக்டரய்யா," மாதையன் ஆரம்பிச்சாரு. "தண்ணி புடிச்சுட்டுப் போனீங்க, எக்ஸ்ரே எடுத்தீங்க. எங்களுக்கு என்ன கோளாறுன்னு கேட்டதுக்கு, புஸ்தகத்துல போட்டதும் நானே வந்து சொல்றேன்னீங்க. புஸ்தகம் வந்துடுச்சுங்களா?"

குரல்ல கோபமே இல்ல. பஸ் வந்துடுச்சான்னு கேக்குற மாதிரி கேட்டாரு.

"இன்னும் வரலைங்க," சார் சொன்னாரு.

"பரவால்லைங்க. பெரிய வேலை, நாளாகத்தான் செய்யும். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க."

சார் கும்பிட்டுட்டு வந்து ஜீப்புல ஏறினாரு. அடப்பாவி மனுசான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே சாவியைத் திருப்பினேன்.

டாக்டரம்மா ஏறல. முதல்ல ஃபோனை எடுத்து, அவங்க பாக்குற ஊர் பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டாங்க. நாலு பம்பையும் அடையாளம் சொல்லி, இன்னிக்கே பூட்டச் சொன்னாங்க. அப்புறம் ஜன்னல்கிட்ட வந்தாங்க.

"நான் போய் மாதையன்கிட்ட சொல்லிட்டு வர்றேன் சார். கட்டுரை வந்து பத்தொன்பது வருசமாச்சே, ஏன் சார் வரலன்னு சொன்னீங்க?"

சார் அவங்க முகத்தைப் பாக்கல.

"வந்துடுச்சுன்னு சொன்னா, என்ன எழுதியிருக்குன்னு கேப்பாரேம்மா."