பதினாலாம் நம்பர் படம்

அருளப்பன் முப்பத்தெட்டு வருஷம் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்றும் சும்மா இருக்க முடியவில்லை. வழி தவறி வந்தவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லம் தென்காசியில் இருக்கிறது. அதற்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கற்றுக்கொடுத்தவள் ரஞ்சிதம். அவர் மகளைவிட இரண்டு வயது இளையவள்.

"நேத்து வரைக்கும் படம் வர்ற இடத்துல வெறும் கட்டம்தான் இருந்துச்சு டீச்சர். இன்னைக்குத் தெரியுது."

"என்ன பண்ணினீங்க அண்ணாச்சி?"

"படமெல்லாம் வெளியாளுக்குத் தெரியாத ஸ்டோரேஜ் ஃபோல்டர் உள்ள கிடந்துச்சு. அந்த ஃபோல்டரையே அப்படியே தூக்கி, எல்லாரும் பாக்குற பப்ளிக் ஃபோல்டர்ல போட்டுட்டேன்."

திரையில் முத்தரசி, பதினாலாம் நம்பர் படம். மூன்று வருஷமாக இல்லத்தில் இருக்கிறாள். ஊர்ப் பெயர் நினைவில் இல்லை. என் முகத்தைப் போடுங்க, எங்க ஆளுங்க யாராவது பாப்பாங்க என்று அவளே கேட்டு எடுத்த படம்.

ரஞ்சிதம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தின் வெப் முகவரியில் 'படங்கள்' என்று இருந்ததை 'குறிப்புகள்' என்று மாற்றினாள். நம்பரைத் தொடவில்லை.

அதே ஃபோல்டரில் கிடந்த டாக்டர் குறிப்பு, முத்தரசி அவரிடம் மட்டும் சொன்னது, அப்படியே திறந்தது. கையில் சூடு வைத்தது யார் என்பது முதல் வரியிலேயே இருந்தது. அருளப்பன் படித்துவிட்டார். ரஞ்சிதம் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடைச்சிடும்மா" என்றார்.

அடைத்தாள்.

"இல்லத்துக்கு ஆள் பாக்க வந்தா எங்க உக்கார வைப்பீங்க?"

"முன்னறையில. இல்லத்துல இருக்கிறவங்களை அங்க கூட்டிட்டு வருவோம். வெளியாளை உள்ள விடமாட்டோம்."

"இதுவும் அப்படித்தான். ஃபோல்டரைப் பழைய இடத்துலயே வைங்க. படங்களை மட்டும் உள்ள இருந்தபடியே காட்டுற மாதிரி பப்ளிக்ல ஒரு லிங்க் போதும்."

"அதுக்கு கமாண்ட் அடிக்கணுமாமே. நம்ம சைட் இருக்கிறது பல பேர் பங்கு போட்டுக்கிற மலிவு ஹோஸ்டிங். அந்த வசதி கிடையாதே."

"நாலு வரியில ஒரு ஃபைல் எழுதி பிரவுசர்ல ஒரே ஒரு தடவை திறங்க. லிங்க் விழுந்துடும். அப்புறம் அந்த ஃபைலை அழிச்சிடுங்க."

ஒற்றை விரலால் தட்டித் தட்டி மத்தியானத்துக்குள் முடித்தார். படம் வந்தது. குறிப்பைத் தேடினால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. பக்கம் இல்லை என்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை ரஞ்சிதம் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பாடத்தின் நடுவே, வெப்சைட்டில் நம்பர் கொடுத்திருந்த அவர் போன் அடித்தது. முத்தரசியின் அண்ணன். படத்தைப் பார்த்துவிட்டாராம். கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது.

"படத்துல அவ கையில என்னங்க அது தழும்பு? யாரு செஞ்சா?"

அருளப்பனுக்கு அந்தப் பெயர் வாய்வரை வந்துவிட்டது.

"கிளம்பி வாங்க தம்பி. தங்கச்சிகிட்டயே பேசுங்க."

போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அத்தனை வருஷத் தபால் வேலையில் பிறத்தியார் கடிதம் ஒன்றைக்கூடப் பிரித்தவர் இல்லை அவர்.

"ஃபோல்டரை உள்ள வச்சாச்சு. நான் படிச்சதை எங்க வைக்க டீச்சர்?"

ரஞ்சிதம் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. லிங்க் மட்டும் போட்டுடாதீங்க."